பட்டியலில் இல்லாத எண்

293318625600.

இந்தத் தொகைக்கு செக் எழுதச் சொன்னால் எழுத்தால் எழுத இடம் போதாது. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பட்ஜெட் உரையில் வரும் ஒதுக்கீடு மாதிரி இருக்கிறதா? அதெல்லாம் இல்லை. இந்த எண்ணைப் பற்றி இன்றைக்கு நான் எழுதக் காரணம் ஒன்றுதான். 1915-ல் ஒருவர் ஒரு பட்டியல் போட்டார். எல்லாத் தகுதியும் இருந்தும் அதில் இந்த எண் விடுபட்டுப் போய்விட்டது. பட்டியல் போட்டவர் ஏனோதானோ ஆசாமி இல்லை. சீனிவாச ராமானுஜன்!

என்ன பட்டியல்? சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். லேத்துக்குச் சந்தனம், வாசலில் பூசணிக்காய், உள்ளே பொரி கடலையோடு ஸ்வீட் பாக்ஸ் பிரிக்கிற வேலை. மொத்தம் 60 பாக்ஸ் வந்தால் பிரச்னையே இல்லை. இரண்டு ஷிஃப்டுக்குப் பிரிக்கலாம், மூன்று யூனிட்டுக்குப் பிரிக்கலாம், நாலு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று எப்படிக் கூறு போட்டாலும் மீதி வராது. 61 வந்தால் போச்சு. எப்படிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும், அது முதலாளி காரில் ஏறும்.

60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 12. அறுபதுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 48-க்கே பத்துதான். இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும்விட அதிகமான விதங்களில் பங்கு போட இடம் கொடுக்கிற எண்களுக்கு ராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். தமிழில் உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். கவனித்துப் பாருங்கள், நம் கடிகாரம், டஜன் கணக்கு எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். மனுஷன் பேரம் பேசிப் பிரித்துக்கொண்ட இடத்திலெல்லாம் இந்த எண்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ராமானுஜன் இந்த வரிசையைக் கையாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போனார். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள். கடைசி எண் 6746328388800. கம்ப்யூட்டர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. கேம்பிரிட்ஜ் குளிர், முதல் உலகப் போர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே சென்னையில் எஃப்.ஏ. தேறியவர்கள் பட்டியலில் இடம் கிடைக்காமல், துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்த அதே மனிதருக்கு!

பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலை மறுபடி கணக்குப் போட்டபோதுதான் நடுவில் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. நம்முடைய 293318625600.

தகுதிக் குறைவா என்று பார்த்தால், சுத்தமாக இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எத்தனை எண்கள் இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. ஆறு 2 இருந்தால் அதில் ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இப்படி ஆறு வரை. மொத்தம் ஏழு வழி. அதே மாதிரி 3-க்கு ஐந்து வழி, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நாலுக்கும் தலா இரண்டு. எல்லாவற்றையும் பெருக்குங்கள். 5,040. அதாவது இந்த எண்ணை 5,040 விதமாகச் சமமாகப் பிரிக்கலாம், ஒரு பைசா மிஞ்சாது.

(12 இலக்கம் என்றதும் சிலருக்கு ஆதார் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆதார் எண் 0-லும் 1-லும் தொடங்காது, இது 2-ல் தொடங்குகிறது. அட, யாராவது ஒருவருடைய எண்ணாக இருந்துவிட்டால்? ஆதாரின் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினொன்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் 1969-ல் கொடுத்த முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தேறவில்லை. யாருடைய ஆதாரும் இல்லை, தைரியமாக அச்சடிக்கலாம்.)

இந்த 5,040-ஐப் பிடித்துக்கொண்டு 2,300 வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும். நியூமராலஜி அன்பர்கள் உற்சாகப்பட வேண்டாம், இது தற்செயல்தான். ஆனால் சுவாரஸ்யமான தற்செயல்.

கிரேக்கத்து பிளேட்டோ வயதான காலத்தில் ‘சட்டங்கள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். புதிதாக ஒரு நகரம் அமைத்தால் அதில் எத்தனை குடும்பம் இருக்கலாம் என்று அதில் ஒரு விவாதம். பதில்: 5,040. ஏன்? நிலத்தைப் பங்கு போடவும், வரி போடவும், படைக்கு ஆள் பிரிக்கவும் வசதி. 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். 12-ஆலும் வகுபடும். 11 மட்டும்தான் ஒத்துவராது. அதற்கும் வைத்தியம் சுலபம் என்று அந்தப் புத்தகத்தில் வருகிறது. இரண்டு வீட்டைத் தனியாக ஒதுக்கிவிட்டால் போதும், 11-ஆலும் வகுபட்டுவிடும்!

கணக்கு சரிதான். 5,038-ஐ 11-ஆல் வகுத்தால் 458. ஒரு புள்ளிகூடப் பிசகில்லை.

ஆனால் எந்த இரண்டு வீடு? எதிலிருந்து ஒதுக்குவது, எவ்வளவு நாளைக்கு? அந்த வீட்டில் இருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வது, “ஒண்ணுமில்லீங்க, வகுத்தல் கணக்குக்காகத்தான்” என்று? பிளேட்டோ ஏதோ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கு அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் சொன்னது. எனக்குப் பயமாக இருப்பதே அந்த ஆசைதான். கெட்ட எண்ணத்தில் ஒருவனை விலக்கினால் அவன் சண்டைக்கு வருவான், கோர்ட்டுக்குப் போவான். அழகுக்காக விலக்கினால் யாரோடு சண்டை போடுவது? இன்னொன்றும் உண்டு. அந்த 5,040-ல் குடியுரிமை உள்ள வீடுகள்தான் சேர்த்தி. அடிமைகளும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஆரம்பத்திலேயே கணக்கில் இல்லை. குடும்பங்கள் பெருகிவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் வேறு இடம் போய்க் குடியேற வேண்டியதுதான்.

பங்கீடு விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். வள்ளுவரும் அரசனுடைய வேலைகளைச் சொல்லும்போது சம்பாதிப்பது, காப்பாற்றுவது என்பதோடு நிறுத்தவில்லை, வகுப்பதையும் சேர்த்தே வைத்தார். ஆக, மீதியில்லாமல் வகுக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் கனவு. மீதி வராமல் இருக்க இரண்டே வழிதான். ஒன்று, கூறுகளின் எண்ணிக்கையை ஆட்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவது. இரண்டு, மீதி வருகிற ஆளை எண்ணாமல் விடுவது. இரண்டாவதுதான் எப்போதும் சுலபம்.

சரி, ராமானுஜன் அழகுக்காக விடவில்லையே, கை தவறி விட்டதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் சரி. அப்படியானால் அதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஆடிட்டிங் வகுப்பில் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. டெபிட் பக்கமும் கிரெடிட் பக்கமும் கூட்டி டிரையல் பாலன்ஸ் போடுகிறோம். இரண்டும் ஒத்துப்போனால் டேலி. குமாஸ்தா நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரு வியாபாரத்தையே புத்தகத்தில் எழுதாமல் விட்டுவிட்டால்? டெபிட்டிலும் இல்லை, கிரெடிட்டிலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும். டேலி ஆகும்! தப்பாக எழுதியதைப் பல சமயம் புத்தகமே காட்டிக்கொடுக்கும். எழுதாமலே விட்டதைப் புத்தகம் காட்டிக்கொடுக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால் நோட்டை மூடிவிட்டு கோடவுனுக்குப் போய் மூட்டையை எண்ண வேண்டும்.

ராமானுஜன் பட்டியலும் அப்படித்தான். அதில் தகுதியில்லாத எண் ஒன்று நுழைந்திருந்தால், அந்த ஒரு எண்ணைச் சோதித்தாலே சாயம் வெளுத்துவிடும். ஆனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் நாள் முழுக்கச் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருக்கும், நூற்றுக்கு நூறு. விடுபட்டவன் வெளியே நின்றுகொண்டிருப்பான். ஆதாரின் அந்தக் கடைசி இலக்கமும் அதே கதைதான். எண்ணைத் தப்பாக அடித்தால் உடனே பிடித்துக்கொடுக்கும் கெட்டிக்கார இலக்கம் அது. எண்ணே இல்லாத ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது ஞாபகம் இருக்கும். சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் வெள்ள நிவாரணமாக 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து விநியோகித்தார்கள். எங்கள் ஏரியா கடையில் வேலை பார்ப்பவர் நல்ல மனுஷர். கடைசி நாள் சாயங்காலம் அவரைப் பார்த்தபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “பக்காவா டேலி சார். லிஸ்ட்ல ஒரு பேர் விடல” என்றார். பொய் இல்லை. லிஸ்டில் ஒரு பெயரையும் அவர் விடவில்லைதான்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் அந்த லிஸ்டில் இல்லை. குடும்பத்தோடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஷீட் போட்ட அறையில் வாடகைக்கு இருப்பவர். தண்ணீர் இடுப்பளவு. துவைத்துக் கொடுத்த மற்றவர்கள் துணியை முதலில் பரணில் ஏற்றிவிட்டுத்தான் தன் அரிசியைப் பார்க்கப் போனாராம். போவதற்குள் அரிசி போய்விட்டது. கேட்டதற்குச் சிரித்தார். “தண்ணி இங்க வந்துச்சு சார். கார்டு வந்தவாசியில அம்மாகிட்ட இருக்கு.”

கார்டு இல்லாதவர்கள் மனு கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. பத்திரிகைக்காரன் என்றால் மனு நன்றாக எழுதுவான் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்னன்னு எழுதட்டும்?” என்றேன்.

“இங்கதான் இருந்தோம்னு எழுதுங்க சார்.”

வேறு எதையும் அவர் எழுதச் சொல்லவில்லை. நஷ்டம் இவ்வளவு, பிள்ளைகள் இத்தனை பேர், நோட்டுப் புத்தகம் போச்சு, எதுவும் இல்லை. இங்கதான் இருந்தோம்.

293318625600-க்கு இப்படி ஒரு மனு தேவைப்பட்டதில்லை. ராமானுஜன் சேர்க்காததால் அதனுடைய 5,040 வகுத்திகளில் ஒன்றுகூடக் குறைந்துவிடவில்லை. பட்டியல் வருவதற்கு முன்னாலும் அது உயர் பகு எண், பின்னாலும் உயர் பகு எண். நூறு வருஷம் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. எண்ணுக்குப் பசிக்காது, மழையில் நனையாது. எந்த நாட்டில் எவர் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தாலும் அதே விடையைச் சொல்லித் தன்னை நிரூபித்துக்கொள்ளும். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான் என்பதற்கு அவன் உடம்பு சாட்சி ஆகாது, இன்னொருவர் எழுத வேண்டியிருக்கிறது. தத்துவம் படித்தவர்கள் எண்கள் நிஜமா, நம் மனசின் கற்பனையா என்று காலங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் நிலைமை தலைகீழ். எண் நிஜம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எண்ணுக்குப் பின்னால் உள்ள ஆள் நிஜமா என்பதற்குத்தான் ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

இதை வைத்து, பட்டியலே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். பட்டியலைத் திட்டுவது சுலபம். பட்டியல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து லாரித் தண்ணீர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். குரல் பெரியவர்களுக்கு நாலு குடம், வார்டில் செல்வாக்கு உள்ளவர் வீட்டுக்கு டிரம் டிரம்மாக, நோயாளிக்கு ஒன்றுமில்லை. யாரையும் தெரியாதவனுக்கும் அவன் பங்கு கிடைக்க வேண்டும் என்றால் ஒரு காகிதத்தில் அவன் பெயர் இருந்தாக வேண்டும். ஏழைக்குப் பட்டியலைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. விடுபடுவது இவ்வளவு வலிப்பதற்குக் காரணமே அதுதான்.

கை தவறுவதும் பாவமில்லை. ராமானுஜனுக்கே தவறியிருக்கிறது, ரேஷன் கடைக்காரருக்கும் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சருக்கும் தவறாதா? என் ஆட்சேபணை எல்லாம் டேலி ஆனதும் வருகிற அந்தத் திருப்தியின் மேல்தான். டேலி ஆன பிறகும் ஒருமுறை தெருமுனை வரை போய், “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வருவது யாருடைய வேலை? எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த அம்மாள் ஒருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். “பேர் இருக்கிறவங்களைத் தேடி ஒவ்வொரு வீடா போறேன் சார். பேர் இல்லாதவங்க எந்த வீட்ல இருக்காங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?” ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனார். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி மனசில் இருக்கிறவரை அவர் போடும் பட்டியலை நம்பலாம்.

விடுபட்ட கதை ராமானுஜனோடும் முடியவில்லை. உயர் பகு எண்கள் பற்றி அவர் எழுதிக் கொடுத்தது முழுவதும் 1915-ல் அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பகுதியை நிறுத்திவிட்டார்கள். ஒரு எண்ணை விட்டவருடைய பக்கங்களை இன்னொருவர் விட்டார். அந்தப் பகுதி, நிக்கோலா, ராபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற ஆய்விதழில் வெளிவந்தது 1997-ல். எழுதியவர் 1920-லேயே, 32 வயதில், சென்னையில் காலமாகிவிட்டார். எண்களுக்கு 82 வருஷம் ஒரு பொருட்டில்லை.

இன்னொரு வேடிக்கை. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணைச் சொன்னேனே, 6746328388800. அது வேறு யாரும் இல்லை. விடுபட்ட நம்முடைய எண்ணை 23-ஆல் பெருக்கினால் அதுதான் வரும். வகுத்திகளும் சரியாக இரண்டு மடங்கு, 10,080. நான் சொல்வதை நம்ப வேண்டாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற 12 இலக்க மேஜை கால்குலேட்டரில் 293318625600 இழுத்துப் பிடித்தாற்போல் கச்சிதமாக உட்காரும். 2-ஆல் ஆறு முறை, 3-ஆல் நாலு முறை, 5-ஆல் இரண்டு முறை, 7-ஆல் இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 என்று வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் 1 வந்து நிற்கும். 23-ஆல் பெருக்குவதற்கு மட்டும் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். விடை 13 இலக்கம், அதில் அடங்காது.